மழைக்குக் கணக்குப் போட்டவர்

மழை வருமான்னு வானத்தைப் பார்க்காத வீடு நம்ம ஊரில் உண்டா? அதைக் கணக்குப் போட்டுச் சொல்லப் பார்த்தவர் சர் கில்பர்ட் வாக்கர்.

இவர் 1868-ல் இங்கிலாந்தில் பிறந்த கணித மேதை. 1899-ல் பருவமழை பொய்த்து இந்தியாவில் கொடிய பஞ்சம் வந்தது. மழை பொய்க்கப் போவதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். 1904-ல் இந்திய வானிலைத் துறைத் தலைவரான வாக்கருக்கு இதுவே பெரிய வேலை. வானிலை அவர் படித்த பாடமே இல்லை! ஆனாலும் பல நாடுகளின் மழை, வெப்பம், காற்றழுத்தக் குறிப்புகளைச் சேர்த்தார். அப்போ கம்ப்யூட்டர் கிடையாது. இந்திய குமாஸ்தாக்கள் கையாலேயே கணக்குப் போட்டார்கள்.

பசிபிக் கடலில் காற்றழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் குறையும், தராசுத் தட்டு மாதிரி! இதைக் கண்டுபிடித்தார். ஆனா ஏன்னு அவரால் சொல்ல முடியலை. பலர் நம்பவும் இல்லை. 1958-ல் காலமானார்.

1969-ல் பியர்க்னஸ் என்ற விஞ்ஞானி காரணம் சொன்னார். பசிபிக்கின் மேற்கே கடல் சூடு. அங்கே ஈரக்காற்று மேலே போய், குளிர்ந்து, மேகமாகி மழை கொட்டும். ஈரம் இழந்த காற்று உயரத்திலேயே கிழக்கே போய், கடல் குளிர்ந்த இடத்தில் இறங்கி, மறுபடி மேற்கே வரும். இதற்கு வாக்கர் சுழற்சி என்றே பெயர் வைத்தார். கிழக்கே கடல் சூடானால் மேகமும் அந்தப் பக்கம் நகரும். அதுதான் எல் நினோ. அந்த வருஷங்களில் நம் நாட்டில் தென்மேற்குப் பருவமழை பல தடவை குறைந்திருக்கு.

1913-ல் சென்னையில் ராமானுஜத்தின் கணக்குகளைப் பார்த்து, அவருக்கு உதவித்தொகை தரச் சொல்லிக் கடிதம் எழுதியவரும் இவரே!

விடை வரலைன்னு கணக்கை அழிச்சிடாதீங்க. பின்னால் வரும் ஒருவர் அதை முடிப்பார்.

— 9-ஆம் வகுப்பு மாணவி