முரசறைந்த சிக் வெப்

பறையெடுக்க நம் பிள்ளைகள் சிலர் இன்றும் நாணுவதைக் காண்கிறோம். அவர்களுக்காகவே இவ்வரலாற்றை ஈண்டு வரைகிறோம்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் சிக் வெப். இளமையிலேயே காசநோய் முதுகெலும்பைப் பற்றியது; கூன் விழுந்தது, வளர்ச்சி குன்றியது. விறைத்த கைகால்கள் இளக, மருத்துவர் டிரம் என்னும் முரசை அடிக்கச் சொன்னாராம். நாளிதழ் விற்ற காசில் சிறுவன் அதனை வாங்கினான். தாளத்தைக் கேட்கும்போதே உடலசைவை ஆளும் மூளைப் பகுதிகளும் விழித்தெழும் என்பது பின்னாளில் ஆய்வாளர் கண்ட உண்மை.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த சவாய் நடன அரங்கு அவருடைய கோட்டையாயிற்று. தாயை இழந்த எல்லா பிட்ஜெரால்டு என்னும் இளம்பெண்ணை 1935இல் தம் குழுவின் பாடகியாக்கினார். 1937இல் அவ்வரங்கில் நடந்த போட்டியில், புகழின் உச்சியிலிருந்த பென்னி குட்மன் குழுவையே வென்றார்.

முரசு எலும்பு நோயைத் தீர்த்துவிடவில்லை, அதனையும் மறைக்கலாகாது. வலியோடே மேடையேறி முழக்கியவர், 1939இல் பால்டிமோர் மருத்துவமனையில் இளவயதிலேயே மறைந்தார்.