வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள்

கடற்பிரயாண நாவல்களில் ஈடுபட்ட நம் மாணவ நண்பர்கள் ஒரு விசேஷத்தைக் கவனித்திருப்பார்கள். அக்கதைகளின் தலைவனுக்கு அழிவென்பதே கிடையாது. புயலிலே கப்பல் உடைந்து போகும். சத்துருக்கள் அவனைச் சிறையிலிட்டு விலங்கு பூட்டுவர். ஆயினும் அடுத்த புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலே வேறொரு கப்பலின் மேல்தட்டில் முன்னிலும் திடகாத்திரனாய் வந்து நிற்பான். நம் திருநெல்வேலிச் சீமையிலும் கடலோடு போராடிய தலைவர் ஒருவர் இருந்தார். ஆனால் அவருடைய சரித்திரத்துக்கு இரண்டாம் புத்தகம் வாய்க்கவில்லை. கப்பல் ஒருமுறை கையைவிட்டுப் போனது, போனதுதான்.

கடையநல்லூரில் பிறந்து வளர்ந்தவருக்கு மேற்கே மலையும், அம்மலைமேல் தவழும் சாரல் மேகமுமே கண்ணுக்குப் பழக்கம். கடல் தூரத்துச் செய்தி. ஆயினும் இவ்வூர் நெசவாளர் குடும்பங்கள் பல, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடல் கடந்து சென்று பிழைத்தன. 1941-ஆம் வருஷத்தில் சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்றொரு சங்கம் ஏற்படும் அளவுக்கு அங்கே நம்மூரார் பெருகியிருந்தனர். அவர்களைச் சுமந்து சென்ற நீராவிக் கப்பல்களோ பெரும்பாலும் அயல்நாட்டார் உடைமை. பிரயாணி நம்மவன், சரக்கு நம்முடையது, கூலி மட்டும் பிறருக்கு என்னும் இந்நிலையை மாற்ற எழுந்தவரே சிதம்பரம் பிள்ளை.

அவர் 1872-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் புதல்வராகத் தோன்றினார். தூத்துக்குடியில் மிஷன் பள்ளிக்கூடங்களில் கல்வி கற்றார். சில காலம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து, பின்னர்ச் சட்டம் பயின்று, தந்தையைப் போலவே வக்கீலானார். 1900-ஆம் வருஷத்தில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். வக்கீல் தொழில் நன்றாக நடந்தது. இம்மட்டில் அவர் நின்றிருந்தால் செல்வராய் வாழ்ந்து, பேரப்பிள்ளைகளுக்கு நிலமும் வீடும் வைத்துப் போயிருப்பார். அவர் பெயரும் அவ்வீட்டுக் கதவோடு தேய்ந்திருக்கும்.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கப்பற் போக்குவரத்து முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசி இயக்கத்தினர் அந்நியத் துணியைக் கொளுத்திக்கொண்டிருந்தபோது, பிள்ளையவர்கள் கடலையே கேட்டார். 1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து லக்ஷம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்பவர் ஒருவராகவே 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லக்ஷம் ரூபாய்க்கு, வாங்கிக்கொண்டார். மதபேதம் பாராது ஒரு துறைமுகம் ஒன்றுபட்டதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக் கப்பல்களைக் கொண்டே தொழில் நடந்தது. எதிர்க் கம்பெனியார் வாடகைக்குக் கொடுத்தவர்களையே பயமுறுத்தி அந்த வழியை அடைத்தனர். பிள்ளையவர்கள் பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு அன்றித் திரும்புவதில்லை என்று சபதம் செய்தே போனார் என்பர். 1907-ஆம் வருஷத்தில் கலியா, லாவோ என்னும் இரண்டு நீராவிக் கப்பல்கள் கம்பெனிக்கு உரிமையாகித் தூத்துக்குடிக் கடலில் வந்து நின்றன. ஆழமின்மையால் பெரிய கப்பல்கள் அக்காலத்தில் கரைக்குச் சில மைல் தூரத்திலேயே நங்கூரம் பாய்ச்சும். ஜனங்கள் தோணி ஏறிப் போய்த்தான் அவற்றை அடையவேண்டும். கலியாக் கப்பலில் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம்.

பின்னர் நடந்தது பீரங்கியில்லாத கடற்போர். எதிர்க் கம்பெனியார் கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனியார் எட்டணாவாக்கினர். அதன்மேல், இனாமாக ஏற்றிச் செல்வதோடு ஆளுக்கொரு குடையும் தருவதாக அவர்கள் ஆசை காட்டினர் என்று இன்றும் தூத்துக்குடியில் சொல்வதுண்டு. ஆழ்ந்த மடிசீலையுடைய கம்பெனி வருஷக்கணக்கில் நஷ்டத்தைத் தாங்கும். இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகளாற் கட்டிய கம்பெனி எத்தனை மாதம் தாங்கும்? நாவலாசிரியர்கள் இந்தக் கணக்குப் புத்தகத்தை விட்டுவிட்டுப் புயலைத்தான் வருணிப்பார்கள். சிதம்பரம் பிள்ளையின் கப்பலைத் தாக்கிய புயலோ இக்கணக்குப் புத்தகத்தின் உள்ளேதான் வீசிற்று.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். கப்பலைக் காப்பதே நோக்கமாயின், அரசியல் மேடையை விட்டு அவர் விலகியிருக்கலாகாதா? கம்பெனிக் காரியஸ்தர் சிலர் அவ்வாறே வேண்டினர். அவர்களைக் கோழைகள் என்று ஏசுவது எளிது. பிறர் பணத்துக்குப் பொறுப்பாளியான வியாபாரி அஞ்சுவதிலும் நியாயமுண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பிள்ளையவர்களுக்குக் கப்பல் வேறு, கரையிலுள்ள கூலியாள் வேறு அல்ல. 1908-ஆம் வருஷம் பிப்ரவரி மாத முடிவில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர், கூலி உயர்வும் வார விடுமுறையும் கோரி வேலைநிறுத்தம் செய்தபோது, அவரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். சில நாட்களில் ஆலை முதலாளிகள் இணங்கினர். அவ்வெற்றிதான் அதிகாரிகளின் பொறுமைக்கு எல்லையாயிற்று.

மார்ச்சு மாதம் 12-ஆம் தேதி இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் மூடப்பட்டன. ஜனத்திரள் பொங்கியெழுந்து சர்க்கார்க் கட்டடங்களுக்குத் தீ வைத்தது. போலீஸார் சுட்டதில் நால்வர் மாண்டனர். வழக்கு விசாரணையில் கவி சுப்பிரமணிய பாரதியார் எதிரிகள் தரப்பில் சாக்ஷியம் சொன்னார். ஜூலை மாதம் 7-ஆம் தேதி ஜட்ஜ் பின்ஹே, சிவாவுக்குப் பத்து வருஷமும், பிள்ளைக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஜன்ம தண்டனையும், ஆக நாற்பது வருஷம் தீவாந்தரம் விதித்தார். அப்போது பிள்ளைக்கு வயது முப்பத்தைந்து. தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கிப் போனார், அவர் தெளியவேயில்லை. மேல் விசாரணையில் தண்டனை ஆறு வருஷமாகக் குறைந்தது.

கோயமுத்தூர்ச் சிறையிலே மாடு சுற்றவேண்டிய செக்கை அவர் சுற்றினார். அச்செக்கைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதே சிறைவாசத்தில் அவர் செய்த நூல்களைப் பற்றிப் பேசுவார் சிலரே. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை மனம் போல வாழ்வு என்ற பெயரால் தமிழாக்கினார். பின் கண்ணனூர்ச் சிறையில் மெய்யறம் முதலியவற்றை இயற்றினார். கை காய்த்த மனிதர், உள்ளத்தின் நிலையே வாழ்வின் நிலை என்று கூறும் நூலைப் பெயர்த்தெழுதினார் என்பதை நினைக்குந்தோறும் வியப்புண்டாகிறது.

அவர் சிறையிலிருந்தபோதே, 1911-ஆம் வருஷம் ஜூன் மாதம் 17-ஆம் தேதி, நமக்கு அண்மையிலுள்ள செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தானும் சுட்டுக்கொண்டு இறந்தான். தூத்துக்குடியில் சப் கலெக்டராயிருந்தபோது சுதேசிக் கம்பெனியை ஒடுக்க முயன்றவர் ஆஷ் என்ற மனக்கசப்பு ஜில்லா முழுவதும் பரவியிருந்தது. அதே வருஷத்தில் கம்பெனியும் கலைக்கப்பட்டது. கலியாக் கப்பல் எதிர்த்த கம்பெனிக்கே விலையாயிற்று என்பர்.

1912-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 24-ஆம் தேதி விடுதலை பெற்று வெளியே வந்தவரை வரவேற்கக் கூட்டம் ஏதும் இல்லை. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையிலும் கோயமுத்தூரிலும் சிறு வியாபாரமும் சிறு உத்தியோகமுமாகக் காலந்தள்ளினார். அவ்வறுமையிலும் 1917-ஆம் வருஷத்தில் திருக்குறள் மணக்குடவர் உரையை அச்சிட்டார். தொல்காப்பிய இளம்பூரணத்தையும் பதிப்பித்தார். ஒரு செய்தியை இங்கே விடுதல் கூடாது. வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி முயன்று அவருடைய சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றிக்காகப் பிள்ளையவர்கள் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். நாற்பது வருஷம் விதித்தவரும் வெள்ளையர். தொழிலைத் திருப்பித் தந்தவரும் வெள்ளையர். முன்னதற்காக இரண்டாமவரை அவர் வெறுத்தாரில்லை.

கோவிற்பட்டியில் சில வருஷம் வக்கீலாயிருந்து, 1932-ஆம் வருஷத்தில் தூத்துக்குடிக்கே மீண்டார். அங்கே 1936-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 18-ஆம் தேதி, தம் விருப்பப்படி காங்கிரஸ் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அங்கேயே உயிர் நீத்தார். எட்டு வருஷங்களுக்குப்பின் ம. பொ. சிவஞானம் அவர்கள் எழுதிய சரித்திரம் கப்பலோட்டிய தமிழன் என்ற பெயரை நிலைநிறுத்திற்று. கப்பல்கள் தூரத்தே நின்ற அத்துறைமுகத்தில் இக்காலத்தில் கரையணைந்தே நிற்கின்றன. 2011-ஆம் வருஷம் முதல் அத்துறைமுகத்துக்குச் சிதம்பரனார் பெயரே வழங்குகிறது.