உடைமை துறந்த உத்தமர் யோசப் வாஸ் அடிகளார்

பொருளை இழத்தல் வேறு. பொருளைத் துறத்தல் வேறு. இழப்பு பிறரால் நம்மீது சுமத்தப்படுவது. துறவு நாமே விரும்பி ஏற்பது. இவ்வேறுபாட்டை உணர்த்த வல்லது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஈழமண்ணில் வெறுங்காலுடன் நடந்து திரிந்த பெரியார் ஒருவரின் வரலாறு. அதனை இம்மலரின் வாயிலாக மாணவர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

யோசப் வாஸ் அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில், கிறித்தவம் தழுவிய கொங்கணி அந்தணர் குடும்பமொன்றில் பிறந்தார். போர்த்துக்கீசமும் இலத்தீனும் கற்றுத் தேர்ந்து, 1676இல் குருப்பட்டம் பெற்றார். குலப்பெருமையும் கல்விச் சிறப்பும் ஒருங்கே வாய்த்த அவருக்குக் கோவாவிலேயே வசதியும் மதிப்பும் நிறைந்த வாழ்வு காத்திருந்தது. அவரோ காலணியைக் களைந்தார். ஏழையர் நடந்தவாறே தாமும் நடந்தார். 1677 ஆகஸ்ட் 5ஆம் நாள், தம்மை மரியன்னைக்கு அடிமையாக ஒப்புவித்துச் சாசனம் ஒன்றைத் தம் கையால் எழுதி ஒப்பமிட்டார். அக்காலம் மனிதர் சந்தையில் விலைக்கு விற்கப்பட்ட காலம். அடிமைக்குச் சொத்து இல்லை என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தமக்கென எதுவும் இல்லை என்பதையே அவர் அச்சாசனத்தில் முடிவு கட்டினார்.

அந்நாளில் இலங்கைக் கத்தோலிக்கர் பெருந்துயரில் உழன்றனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருமாரை வெளியேற்றினர். அம்மக்கள் பல்லாண்டுகளாகக் குருவின்றி வாடும் செய்தி அடிகளாரைத் துயில விடவில்லை. 1686இல் யோவான் என்னும் பணியாளர் ஒருவருடன் கோவாவிலிருந்து புறப்பட்டுத் தூத்துக்குடியை அடைந்தார். குருவின் உடையில் கடல் கடக்க வழியில்லை. ஆகவே கூலியாளின் கோலம் பூண்டு, 1687இல் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். வயிற்றுளைச்சல் நோயால் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார் என வரலாறு கூறும்.

நலம்பெற்றதும் கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். மாலையைக் கண்டு முகம் மலர்வோர் யார் என்று கண்டறிவதற்கே அப்பிச்சை. இவ்வாறு மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டுகொண்டு, சில்லாலை ஊரைத் தம் பணிக்கு நிலைக்களன் ஆக்கினார். பகலில் இரவலராகவும் இரவில் குருவாகவும் வாழ்ந்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் வழிபாட்டுக்குக் கூடியோரை ஒல்லாந்தர் சுற்றி வளைத்தனர். அடிகளார் தப்பினார், அடியார் பலர் சிறைப்பட்டனர்.

பின்னர்ப் புத்தளம் சென்று, 1692இல் கண்டியை அடைந்தார். போர்த்துக்கீச ஒற்றர் என ஐயுற்ற மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிலிட்டார். சிறையிலே சிங்களம் கற்றார். நாளடைவில் அவருடைய தூய்மையை உணர்ந்த மன்னர் உரிமையளித்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயுற்றோரைச் சுற்றத்தாரும் கைவிட்டு அகன்றபொழுது, அடிகளாரும் அவர்தம் உறவினரான கர்வாலோ அடிகளாரும் குடிசைகள் அமைத்து, அவர்களுக்கு உணவூட்டினர், புண் கழுவினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். சமய வேறுபாடு பாராத அத்தொண்டு பௌத்த நாட்டின் நெஞ்சத்தை வென்றது.

மற்றுமொரு துறவும் உண்டு. பொருளைத் துறந்தோர் பலரும் புகழைத் துறப்பதில்லை. இலங்கைத் திருச்சபையின் தலைமைப் பதவி தம்மைத் தேடி வந்தபொழுது அடிகளார் அதனை ஏற்க மறுத்தார். 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியில் உயிர் நீத்தார். அவருடைய கல்லறை இருந்த இடம் இன்று திட்டமாக அறியப்படவில்லை. ஆறடி நிலமும் அவர் பெயரில் இல்லை. எனினும் 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை இலங்கையின் முதற் புனிதராக அறிவித்தபொழுது, கூடிய மக்கள் கடலுக்கு அளவில்லை.

இனி, எம் உள்ளத்தில் உள்ளதையும் மறையாது கூறுதல் கடன். 2008ஆம் ஆண்டின் இறுதியில் வன்னியில் இடம்பெயர்ந்தபொழுது, கூரைத் தகரத்தையும் கதவையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றினோம். அடுத்த இடத்தில் கதவை விட்டோம். அதற்கடுத்த இடத்தில் தகரத்தை விட்டோம். ஈற்றில் மாணவர் வரவு இடாப்பையும் விட்டோம். பற்றற்றவர் ஆகிவிட்டோம் என்று எண்ணினோம். அது பிழை. பிளானோவுக்கு வந்தபின்னும் ஆண்டுக்கணக்காக இரவில் விழித்திருந்து, விட்ட பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணினோம். எண்ணிய அளவுக்கு இரட்டிப்பாக இங்கே வாங்கிக் குவித்தோம். இன்று எம் கராஜில் காருக்கு இடமில்லை. கையைவிட்டுப் போன பொருள் நெஞ்சைவிட்டுப் போகவில்லை என்பதை அடிகளாரின் வரலாற்றைப் படித்தபொழுதே உணர்ந்தோம். அவரிடமிருந்து எவரும் எதனையும் பறிக்க இயலவில்லை. ஏனெனில் அவர் முன்னரே கொடுத்துவிட்டார்.

பிள்ளைகளுக்கு வீடும் கல்வியும் தேடுதல் பெற்றோர் கடமை. அதனைக் குறை கூறோம். வீடு நமக்காகவா, நாம் வீட்டுக்காகவா என்பதே வினா. இது கிறித்தவர்க்கு மட்டும் உரிய வினா அன்று; வள்ளுவரும் துறவுக்கென ஓர் அதிகாரம் வகுத்துள்ளார்.

மாணவச் செல்வங்களே! வேண்டாத பொருளைக் கொடுத்தல் வீட்டைத் துப்புரவு செய்தலே ஆகும். நீங்கள் மிக விரும்பும் பொருள் ஒன்றை, அதனை விரும்பும்பொழுதே, இல்லாத பிள்ளை ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள். அன்றிரவு உங்கள் உள்ளம் எதனை எண்ணுகிறது என்பதையும் கவனியுங்கள். கொடுத்த பொருளையா, பெற்ற பிள்ளையின் முகத்தையா? விடையை அடுத்த வகுப்பில் எம்மிடம் கூறுங்கள். நாமும் எம் கராஜைத் திறந்து, அதே பாடத்தைத் தொடங்கியுள்ளோம்.