எம். கே. தியாகராஜ பாகவதர்

மாயவரம் கிருஷ்ணமூர்த்தி தியாகராஜ பாகவதர் (மார்ச் 1, 1910 – நவம்பர் 1, 1959) தமிழ்த் திரைப்பட நடிகரும் கருநாடக இசைப் பாடகரும் ஆவார். மயிலாடுதுறையில் பிறந்து திருச்சியில் வளர்ந்த இவர், நாடக மேடையிலிருந்து பவளக்கொடி (1934) மூலம் திரையுலகிற்கு வந்தார்.

அம்பிகாபதி

காதலின் அவலத்தை இசையால் சொன்ன படம் அம்பிகாபதி (1937). எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய இப்படத்தின் காதல் காட்சிகளில் ரோமியோ ஜூலியட் நாடகத்தின் சாயல் உண்டு. பாடல்களை இயற்றியவர் பாபநாசம் சிவன்.

கம்பரின் மகன் அம்பிகாபதி, சோழ இளவரசி அமராவதியைக் காதலிக்கிறான். சிற்றின்பம் கலவாத 100 பாடல்களைப் பாடினால் அவன் பிழைப்பான். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிய அமராவதி, 99 பாடல்கள் முடிந்த நிலையிலேயே வெளியே வருகிறாள். அவளைக் கண்டதும் அவன் காதலைப் பாடிவிடுகிறான். மேலைநாட்டு ஆப்பெராவில் பாட்டு துயரத்தை எடுத்துரைக்கும். இங்கோ பாட்டே உயிரைப் பறிக்கிறது. பின்னணிப் பாடல் முறை பரவாத அக்காலத்தில், பாடவல்ல நடிகரே இவ்வேடத்தை ஏற்க முடிந்தது. சிவாஜி கணேசன் நடித்து 1957இல் இக்கதை மீண்டும் படமானபோது, அவருக்காகப் பாடியவர் டி. எம். சௌந்தரராஜன்.

பிற்காலம்

ஹரிதாஸ் (1944) பெருவெற்றி பெற்றது. அவ்வாண்டிலேயே இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார், 1947இல் விடுதலையானார். அதன்பின் வந்த படங்கள் பழைய வெற்றியைப் பெறவில்லை. இவர் சென்னையில் காலமானார்.