எண்களின் உலகில் தனித்து நடந்த சோபி ஜெர்மேன்

கணிதத்தின் கிளைகளுள் எண் கோட்பாடு தனித்துவமானது. ஆய்வுகூடமோ விலையுயர்ந்த கருவிகளோ அதற்குத் தேவையில்லை. கூட்டலும் பெருக்கலும் அறிந்த ஒருவர் தாளும் பேனாவும் கொண்டு அதன் வாசலுக்குள் நுழைந்துவிடலாம். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் 2, 3, 5, 7, 11 போன்ற முதன்மை எண்களைப் பற்றிய வினாக்கள் பாடசாலை மாணவர்களுக்கும் விளங்கக்கூடியவை. ஆயினும் அவற்றுட் சிலவற்றுக்கு மாபெரும் மேதைகளாலும் விடை காண முடியவில்லை. இதனாலேயே பட்டமோ பதவியோ இல்லாத ஆர்வலர்கள் பலர் காலங்காலமாக இத்துறையின்பால் ஈர்க்கப்பட்டு வந்துள்ளனர். இத்துறையின் நவீன வளர்ச்சிக்கு வித்திட்ட பியர் டி பெர்மாவே பிரான்சின் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்த ஒரு சட்டத்துறையாளர்தான். கணிதம் அவரது ஓய்வுநேர ஈடுபாடு மட்டுமே.

அந்த வரிசையில் வருபவர் சோபி ஜெர்மேன் அம்மையார். பல்கலைக்கழகத்தின் படியை மிதிக்காமலும், வாழ்நாள் முழுவதும் எந்தப் பதவியும் வகிக்காமலும், பெர்மா விட்டுச்சென்ற மிகக் கடினமான புதிரை நோக்கிப் பெரும் அடியொன்றை எடுத்து வைத்தவர் அவர். எண்களின் வாசல் அவருக்குத் திறந்திருந்தது. அறிஞர் சபைகளின் வாசல்களோ மூடிக்கிடந்தன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே அவரது வாழ்க்கை எனலாம்.

சோபி ஜெர்மேன் 1776 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1 ஆம் திகதி பாரிஸ் நகரில் வசதிமிக்க குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் ஒரு பட்டு வணிகர். 1789 இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது அவர் மக்கள் பிரதிநிதிகளுள் ஒருவராகவும் விளங்கினார். பாரிஸ் வீதிகளிற் கலவரம் மூண்டிருந்த அந்நாட்களிற் பதின்மூன்று வயதுச் சிறுமியான சோபி வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருக்க நேர்ந்தது. தந்தையாரின் நூலகமே அவருக்குத் துணையாயிற்று. அங்கே கணித வரலாற்று நூலொன்றில் ஆர்க்கிமிடீசின் மரணத்தைப் பற்றி அவர் வாசித்தார். படைவீரன் வாளோடு வந்து நின்றபோதும் தன் கணிதச் சிந்தனையிலிருந்து மீளாத அந்தக் கிரேக்க அறிஞரின் கதை சிறுமியின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. உயிரையே மறக்கச் செய்யும் ஆற்றல் ஒரு கல்விக்கு உண்டெனில் அதைத் தானும் கற்றாக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

பெற்றோர் இதனை விரும்பவில்லை. கணிதம் பெண்ணுக்கு உகந்ததன்று என்பதே அக்காலத்தவரின் எண்ணம். இரவிற் படிப்பதைத் தடுப்பதற்காக அவரது அறையிலிருந்து விளக்கையும், குளிர்காயும் நெருப்பையும், கதகதப்பான உடைகளையும் அகற்றினர். சோபியோ ஒளித்து வைத்திருந்த மெழுகுதிரிகளை ஏற்றி, போர்வைகளைப் போர்த்திக்கொண்டு படித்தார். ஒரு நாட்காலை, மைக்கூட்டில் மை உறைந்திருக்க, கணக்குகள் எழுதிய பலகையின் மீது தலைசாய்த்து உறங்கிக் கிடந்த மகளைக் கண்ட பின்னரே பெற்றோர் மனம் இளகினர் என அவரது வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். அதன் பின்னர் தந்தையார் இறுதிவரை அவருக்குப் பொருளுதவி செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1794 இல் பாரிஸில் தொடங்கப்பட்ட எக்கோல் பொலிடெக்னிக் என்னும் உயர்கல்லூரியிற் பெண்களுக்கு இடமிருக்கவில்லை. எனினும் அங்கு நடைபெற்ற விரிவுரைகளின் குறிப்புகளைச் சோபி பெற்றுக் கற்றார். மாணவர்கள் தமது கருத்துகளை எழுத்து மூலம் விரிவுரையாளரிடம் கையளிக்கும் வழக்கம் அங்கு இருந்தது. லெபிளாங் என்ற மாணவரின் பெயரிற் சோபி தனது குறிப்பொன்றை அக்காலத்தின் தலைசிறந்த கணிதவியலாளருள் ஒருவரான லக்ராஞ்சுக்கு அனுப்பினார். அதனைப் பாராட்டிய லக்ராஞ்ச், அதை எழுதியவர் ஓர் இளம்பெண் என அறிந்ததும் முகஞ்சுளிக்காமல் அவரை ஊக்குவித்தார்.

1801 இல் ஜெர்மன் கணித மேதை கௌஸ் எண் கோட்பாடு பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். சோபியை விட ஒரு வயது இளையவரான கௌசின் அந்நூலை முழுமையாக விளங்கிக்கொண்டோர் அக்காலத்தில் மிகச் சிலரே. அச்சிலருள் சோபியும் ஒருவர். 1804 இல் மீண்டும் லெபிளாங் என்ற பெயரிலேயே அவர் கௌசுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். 1806 இல் நெப்போலியனின் படைகள் ஜெர்மன் நிலப்பகுதிகளுட் புகுந்தபோது, ஆர்க்கிமிடீசுக்கு நேர்ந்த கதி கௌசுக்கும் நேர்ந்துவிடுமோ எனச் சோபி அஞ்சினார். தமது குடும்ப நண்பரான தளபதி பெர்னெற்றியிடம் அவரைப் பாதுகாக்குமாறு வேண்டினார். தளபதியின் ஆள் சென்று கௌசைச் சந்தித்து சோபி ஜெர்மேனின் பெயரைக் கூறியபோது, அப்படியொருவரைத் தமக்குத் தெரியாது என்றார் கௌஸ். வேறு வழியின்றி 1807 இன் தொடக்கத்திற் சோபி உண்மையை வெளிப்படுத்தினார்.

அதற்குக் கௌஸ் எழுதிய மறுமொழி இருவகையிற் சிறப்புடையது. தடைகள் அனைத்தையும் மீறி இக்கடினமான துறைக்குள் நுழைந்த பெண்ணின் துணிவையும் ஆற்றலையும் அவர் மனந்திறந்து போற்றினார். அதே கடிதத்தில், சோபி உண்மையெனக் கருதிய ஒரு கூற்று பிழையானது என்பதையும் 15, 8 ஆகிய எண்களின் பதினோராம் வலுக்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு காட்டினார். வெறும் பாராட்டைக் காட்டிலும் இத்திருத்தமே தனித்துக் கற்பவருக்குப் பெரும்பேறு. ஆனால் இத்தொடர்பு நீடிக்கவில்லை. கோட்டிங்கனில் வானியற் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கௌசின் கவனம் வேறு துறைகளிற் சென்றது. சில ஆண்டுகளுக்குள் அவரது பதில்கள் நின்றுபோயின.

இதன் பின்னர் சோபியின் கவனமும் பௌதிகவியலின் பக்கம் திரும்பிற்று. மணல் தூவிய தகடுகளை வில்லினால் உரசி அதிரச் செய்து, மணல் அமைக்கும் அழகிய கோலங்களைக் கிளாட்னி என்ற அறிஞர் பாரிஸிற் செய்துகாட்டினார். அதற்கான கணித விளக்கத்தைக் கோரிப் பிரெஞ்சு அறிஞர் சபை 1809 இற் பரிசொன்றை அறிவித்தது. 1811 இல் விடை அனுப்பியவர் சோபி ஒருவரே. ஆயினும் முறையான பயிற்சி இன்மையால் அவரது விடையிற் பிழைகள் காணப்பட்டன. லக்ராஞ்சே சமன்பாட்டைத் திருத்திக் கொடுத்தார். 1813 இல் இரண்டாவது முயற்சிக்குச் சிறப்புக் குறிப்பு மட்டும் கிடைத்தது. 1816 இல் மூன்றாவது முயற்சிக்குப் பரிசு வழங்கப்பட்டது. இப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரேயாயினும் பரிசளிப்பு விழாவுக்கு அவர் செல்லவில்லை.

எவ்வாறாயினும் அவரது பெயரை நிலைநிறுத்தியது எண் கோட்பாடேயாகும். 3 இன் வர்க்கத்தையும் 4 இன் வர்க்கத்தையும் கூட்டினால் 5 இன் வர்க்கம் கிடைக்கின்றது. ஆனால் மூன்றாம் வலுவுக்கோ அதற்கு மேற்பட்ட எந்த வலுவுக்கோ இவ்வாறான மூன்று முழு எண்கள் இல்லை என்பது பெர்மாவின் கூற்று. 17 ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இக்கூற்றுக்கு நான்காம் வலுவுக்குப் பெர்மாவும், மூன்றாம் வலுவுக்கு ஒய்லரும் நிறுவல் கண்டிருந்தனர். ஒவ்வொரு வலுவாக எடுத்து நிறுவிக்கொண்டு போனால் முடிவே இராது. அனைத்துக்கும் பொதுவான வழியொன்றைத் தேடினார் ஜெர்மேன்.

அவரது வழியை வாசகர்கள் தாமே பேனா பிடித்துச் சோதித்துப் பார்க்கலாம். ஐந்தாம் வலுவை எடுத்துக்கொள்வோம். 5 ஐ இரட்டித்து ஒன்று கூட்டினால் 11. அதுவும் ஒரு முதன்மை எண்ணே. எந்த முழு எண்ணின் ஐந்தாம் வலுவையும் 11 ஆல் வகுத்தால் மீதியாக 0, 1, 10 ஆகியவற்றுள் ஒன்றே வரும். 2 இன் ஐந்தாம் வலு 32. அதன் மீதி 10. 3 இன் ஐந்தாம் வலு 243; அதன் மீதி 1. இனி, 11 ஆல் வகுபடாத இரண்டு எண்களின் ஐந்தாம் வலுக்களைக் கூட்டினால் மீதி 2 ஆகவோ, 9 ஆகவோ, 0 ஆகவோதான் இருக்க முடியும். 1 ஆகவோ 10 ஆகவோ இருக்க முடியாது. ஆகவே பெர்மாவின் சமன்பாட்டை நிறைவு செய்யும் மூன்று எண்கள் இருந்தால் அவற்றுள் ஒன்றையாவது 11 வகுத்தே தீரவேண்டும்.

11 போன்ற துணை முதன்மை எண்கள் ஒவ்வொரு வலுவுக்கும் முடிவின்றி இருக்குமாயின், அம்மூன்று எண்களுள் ஒன்றை முடிவற்ற பல முதன்மை எண்கள் வகுக்க வேண்டும். அது நடவாத காரியம். எனவே அத்தகைய மூன்று எண்களே இல்லை என்றாகிவிடும். இதுவே ஜெர்மேனின் பெருந்திட்டம். 1819 மே மாதம் கௌசுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதனை அவர் விவரித்தார். பதில் வரவில்லை. பின்னர் அவரே, மூன்றாம் வலுவுக்கு 7, 13 ஆகிய இரண்டைத் தவிர வேறு துணை எண்கள் இல்லை என நிறுவி, தமது திட்டம் அவ்வலுவுக்குப் பொருந்தாது என்பதைக் கண்டறிந்தார். பிறர் சுட்டிக்காட்டும்வரை காத்திராமல் தம் கனவின் குறையைத் தாமே கண்டு எழுதி வைத்த நேர்மை போற்றத்தக்கது.

அத்திட்டம் நிறைவேறாவிடினும் அதிலிருந்து விளைந்த தேற்றம் நிலைத்தது. ஒரு முதன்மை எண்ணை இரட்டித்து ஒன்று கூட்டினாலும் முதன்மை எண்ணே கிடைக்குமாயின், அந்த வலுவுக்குப் பெர்மாவின் சமன்பாட்டை நிறைவு செய்யக்கூடிய மூன்று எண்களுள் ஒன்று அம்முதன்மை எண்ணால் வகுபட்டாக வேண்டும் என்பது அதன் சாரம். 7, 13 போன்று இந்த நிபந்தனைக்குள் அடங்காதவற்றுக்கு வேறு துணை எண்களைக் கொண்டு, 100 க்குக் குறைந்த ஒற்றை முதன்மை எண்கள் அனைத்துக்கும் இம்முடிவை அவர் விரிவுபடுத்தினார். ஒரு வலுவை மட்டும் நோக்காமல் பல வலுக்களை ஒருங்கே நோக்கிய முதல் முடிவு இதுவேயாகும். இதனை உலகுக்கு அறிவித்தவர் லெஜாந்தர் என்ற கணிதவியலாளர். 1820 களிற் பெர்மாவின் கூற்றுப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரையின் அடிக்குறிப்பொன்றில் ஜெர்மேனின் பெயர் இடம்பெற்றது. நெடுங்காலம் வரை எண் கோட்பாட்டில் அவரது பங்களிப்பாக உலகம் அறிந்திருந்தது பெரும்பாலும் அந்த அடிக்குறிப்பை மட்டுமே.

1829 இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் ஏற்பட்டது. வேதனைக்கிடையிலும் ஆய்வைத் தொடர்ந்த அவர், 1831 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் திகதி தமது 55 ஆவது வயதிற் காலமானார். மரணப் பதிவில் அவரது தொழில் கணிதவியலாளர் என்று குறிக்கப்படவில்லை. சொத்து வருமானத்தில் வாழ்பவர் என்றே குறிக்கப்பட்டது. 1889 இல் ஈபல் கோபுரம் எழுப்பப்பட்டபோது அதிற் பொறிக்கப்பட்ட 72 அறிஞர்களின் பெயர்களுள்ளும், மீள்தன்மைக் கோட்பாட்டுக்கு உழைத்த இவரது பெயர் இருக்கவில்லை.

காலம் அவரை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. பாரிஸிலும் இத்தாலியின் புளோரன்சிலும் பேணப்பட்ட அவரது கையெழுத்துப் பிரதிகளை 2000 ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஆராய்ந்தோர், அடிக்குறிப்பிற் சொல்லப்பட்டதை விட அவரது பணி எத்துணை விரிவானது என்பதை வெளிக்கொணர்ந்தனர். பெர்மாவின் கூற்றை முழுமையாக நிறுவியவர் பிரித்தானியாவின் அன்ட்ரூ வைல்ஸ். 1995 இல் வெளியான அந்த நிறுவல் முற்றிலும் வேறு பாதையிற் சென்றது. ஆயினும் 2, 3, 5, 11, 23, 29, 41 எனத் தொடரும் எண்கள் இன்றும் ஜெர்மேன் முதன்மை எண்கள் என்றே வழங்கப்படுகின்றன. இரகசியத் தகவல்களைப் பாதுகாக்கும் மறைகுறி முறைகளிலும் அவை பயன்படுகின்றன. அவை முடிவற்றவையா என்ற வினாவுக்கு இன்னும் விடை காணப்படவில்லை. 2003 முதல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவரது பெயரிற் கணிதப் பரிசொன்றையும் வழங்கி வருகின்றது.

தனித்துக் கற்பவரால் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கு ஜெர்மேன் அம்மையாரின் வாழ்க்கை சான்று. அதே வாழ்க்கை மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. அவருக்குக் குறைவாயிருந்தது அறிவன்று. எழுதியதைப் படித்துப் பிழை காட்டக்கூடிய ஒருவரின் துணையே. அத்துணை கிடைத்த போதெல்லாம் அவர் முன்னேறினார். கிடைக்காத போது அவரது தாள்கள் நூற்றாண்டுகளாக உறங்கிக் கிடந்தன. பாடத்திட்டத்துக்கு அப்பால் ஏதேனுமொன்றைக் கண்டுபிடித்ததாக எண்ணிக் கொப்பியும் கையுமாக வரும் மாணவர்கள் எல்லா ஊர்களிலும் உள்ளனர். அவர்கள் கண்டது பிழையாகவும் இருக்கலாம். அதைப் பொறுமையோடு வாசித்து, பிழையைப் பிழையென்றும் சரியைச் சரியென்றும் சொல்ல ஒருவர் இருப்பதே அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய பேருதவியாகும்.