பேராதனையில் இருந்த வயர்லெஸ்காரர்

பேராதனைத் தாவரவியல் பூங்காவில் இன்று பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாகப் போகிறார்கள். 1944இல் அங்கே சீருடைக்காரர்கள்தான் நடமாடினார்கள். தென்கிழக்காசியாவில் ஜப்பானுக்கு எதிராகப் போரிட்ட நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் அந்தப் பூங்காவில் இயங்கியது. அதன் தளபதி லூயி மவுண்ட்பேட்டன். இந்தியாவின் கடைசி வைஸ்ரோயாகவே எங்களில் பலருக்கும் அவரைத் தெரியும். கடற்படையில் அவர் கற்றுத் தேர்ந்த தொழில் வயர்லெஸ்.

கண்டிக்கு வந்த பிறகுதான் நான் அவரைப் பற்றித் தேடி வாசித்தேன். வன்னியில் வளர்ந்த எனக்கு வயர்லெஸ் என்றால் வோக்கி. அது இயக்கத்தின் கையில் இருக்கும், அல்லது இராணுவத்தின் கையில் இருக்கும். வேறு யாரிடமாவது இருந்தால் விசாரணைதான். அதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிற மனிதர்கள் உலகம் முழுவதும் உண்டு என்பதைப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கல்வி படித்தபோதுதான் அறிந்தேன்.

மவுண்ட்பேட்டன் 1900 ஜூன் 25 அன்று இங்கிலாந்தின் வின்ட்சரில் பிறந்தார். விக்டோரியா மகாராணியின் கொள்ளுப்பேரன். தகப்பன் ஜேர்மன் வம்சாவளி இளவரசர், பிரித்தானியக் கடற்படையின் தலைமைப் பதவியில் இருந்தவர். 1914இல் ஜேர்மனியுடன் போர் மூண்டதும் பிறப்பைக் காரணம் காட்டி எழுந்த எதிர்ப்பால் அவர் பதவி விலக நேர்ந்தது. 1917இல் குடும்பம் பாட்டன்பேர்க் என்ற ஜேர்மன் பெயரை மவுண்ட்பேட்டன் என்று மாற்றிக்கொண்டது. பெயரைக் கேட்டதும் சந்தேகம் வருகிற நாட்டில் வாழ்வது எப்படியென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மகன் அதே கடற்படையில் சேர்ந்தார். 1924இல் போர்ட்ஸ்மவுத் சமிக்ஞைப் பாடசாலைக்குப் போய், பிறகு அங்கேயே வயர்லெஸ் கற்பித்தார். 1931இல் மத்தியதரைக்கடல் கப்பற்படையின் வயர்லெஸ் அதிகாரியானார். இரண்டாம் உலகப் போரில் அவர் தலைமை தாங்கிய கெல்லி என்ற போர்க்கப்பல் 1941 மே மாதம் கிரீட் தீவருகே குண்டுவீச்சில் மூழ்கியது. அதிலிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

1943இல் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944 ஏப்ரலில் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். கண்டியிலிருந்த ஆளுநரின் மாளிகையில் தங்கினார். சண்டை நடந்த இம்பால் இங்கிருந்து 2,000 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து போரை நடத்த மலைநகரம் ஒன்றால் முடிந்ததென்றால், அதற்குத் தந்தியும் வயர்லெஸும்தான் காரணம்.

அந்தக் காலத்தில் ஹாம் எனப்படும் ஆமெச்சூர் வானொலிக்காரர்கள் வாயடைக்கப்பட்டிருந்தார்கள். 1939இல் போர் தொடங்கியதும் பிரித்தானியா அவர்களின் உரிமங்களை நிறுத்தி, ஒலிபரப்பும் கருவிகளை எடுத்துக்கொண்டது. கருவிகளைப் பறித்த அரசே, எதிரியின் சமிக்ஞைகளை ஒட்டுக்கேட்க அவர்களில் பலரைச் சேர்த்தும் கொண்டது. வேடிக்கைக்காகப் பழகிய காது போருக்குத் தேவைப்பட்டது.

மவுண்ட்பேட்டனின் படையினருக்காகக் கொழும்பிலிருந்து ரேடியோ சீக் என்ற வானொலி நடத்தப்பட்டது. ஜா-எலவுக்கு அருகே ஏக்கலவில் அதற்கென 100 கிலோவாட் சிற்றலை அலைபரப்பி நிறுவப்பட்டது. 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டுகள் பாக்குநீரிணையைத் தாண்டிப் போனதற்கு, போர் விட்டுச் சென்ற இந்த ஏற்பாடும் ஒரு காரணம். பிற்காலத்தில் பற்றரிக்குத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார்கள்.

அவரைப் புகழ்ந்து மட்டும் எழுத என்னால் முடியாது. சுபாஷ் சந்திரபோஸின் இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தமிழர் பெருமளவில் சேர்ந்திருந்தார்கள். தோட்டங்களில் பால் வெட்டிய ஏழைத் தொழிலாளர்கள் அவர்களில் ஏராளம். இறந்த வீரர்களுக்காகச் சிங்கப்பூரில் எழுப்பப்பட்டிருந்த நினைவுச்சின்னம் 1945 செப்டெம்பரில் மவுண்ட்பேட்டனின் கட்டளைப்படி இடிக்கப்பட்டது. துயிலும் இல்லங்கள் புல்டோசரால் தரைமட்டமானதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

போருக்குப் பிறகு அவர் டில்லியில் வைஸ்ரோயாக இருந்து பிரிவினையை நடத்தினார். பிறகு கடற்படையில் தகப்பனின் பதவியையே எட்டினார். வயர்லெஸை அவர் விடவில்லை. பிரித்தானிய வானொலிப் பொறியியலாளர் நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தார். 1979 ஓகஸ்ட் 27 அன்று அயர்லாந்தின் கடற்கரைக் கிராமமொன்றில் குடும்பத்தோடு படகில் போனபோது ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்தது. அதை வெடிக்கவைத்தது ஒரு ரேடியோ சமிக்ஞை. அவரோடு 14 வயதுப் பேரனும், படகில் வேலை செய்த 15 வயதுப் பையனும் கொல்லப்பட்டார்கள். காயமடைந்த மூதாட்டி ஒருவர் மறுநாள் இறந்தார்.

ஒரே அலைதான். அதில் கட்டளை போகும், பாட்டு போகும், குண்டும் வெடிக்கும். எங்கள் தலைமுறைக்கு அதன் முதலாவது பயனும் மூன்றாவது பயனும்தான் நன்றாகத் தெரியும்.

கண்டியில் எனக்கு அறிமுகமான ஹாம் நண்பர் ஒருவர் பயணம் போகும்போதெல்லாம் ஒரு சிறிய செற்றும் பற்றரியும் 10 மீற்றர் வயரும் கொண்டுபோவார். ஹந்தானைச் சரிவில் மரக்கிளையொன்றில் வயரைக் கட்டிவிட்டு அமர்வார். 14 மெகாஹேர்ட்ஸ் அலை மேல் வளிமண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் 5 வாட் சக்தியிலேயே வேறு கண்டமொன்றுக்குப் பேச முடிகிறது. இலங்கையருக்கான 4S7 என்ற முன்னெழுத்தோடு தன் அழைப்புக்குறியைச் சொல்வார். மறுமுனையில் இருப்பவர் கேட்பது குரல் தெளிவாக இருக்கிறதா, அங்கே மழையா வெயிலா என்பதைத்தான். இனமும் மதமும் அந்தப் பேச்சில் வருவதில்லை.

இது வீண் பொழுதுபோக்கும் அல்ல. 2004 சுனாமியில் தொலைபேசி செத்துப்போன ஹம்பாந்தோட்டையிலிருந்து ஹாம்கள்தான் கொழும்புக்குச் செய்தி கொடுத்தார்கள். அதே அலை முல்லைத்தீவையும் அடித்தது; அங்கே அந்த நாளில் வயர்லெஸ் ஆயுதம் தாங்கியவர்களிடமே இருந்தது.

இப்போது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்தால் உரிமம் பெறலாம். கொழும்பிலும் கண்டியிலும் இருப்பவர்களுக்கு இது சாதாரண விஷயம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உள்ள எங்கள் பிள்ளைகளும் ஒளிக்காமல் ஒரு வயர்லெஸை மேசையில் வைத்து, முன்பின் தெரியாத ஒருவரிடம் அங்கே மழையா என்று கேட்க வேண்டும். அந்த உரிமை எங்களுக்கும் உண்டு என்பதைப் பாடசாலைகளில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கலாம்.