லாரேயின் விசாரணை

1813ஆம் ஆண்டு மே மாதம் 20, 21 ஆகிய இரு நாள்களும் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள பௌட்சன் நகரைச் சுற்றிப் பெரும் போர் நடந்தது. ஒரு பக்கம் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனின் படை. மறுபக்கம் ரஷ்யாவும் பிரஷ்யாவும் சேர்ந்த கூட்டுப்படை. இரண்டாம் நாள் கூட்டுப்படை பின்வாங்கியது. வெற்றி நெப்போலியனுக்கே. ஆனால், அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. முந்திய ஆண்டு ரஷ்யப் படையெடுப்பில் தம் வீரர்களில் பெரும்பாலோரை இழந்திருந்தார். அவசரமாகத் திரட்டப்பட்ட இளைஞர்களைக் கொண்டுதான் இந்தப் போரை நடத்தினார். அவர்களுள் பலர் துப்பாக்கியைச் சரியாகப் பிடிக்கக்கூடப் பழகாதவர்கள்.

காயமடைந்தோரைக் கணக்கெடுத்தபோது ஒரு செய்தி பேரரசரின் காதுக்கு எட்டியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் வீரர்களுக்குக் கைகளிலும் விரல்களிலும் குண்டுக் காயம்! போருக்கு அஞ்சி அவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள் என்று தளபதிகள் சிலர் குற்றம் சாட்டினர். நெப்போலியன் கொதித்தெழுந்தார். அவர்களுள் சிலரைத் தேர்ந்தெடுத்து, மற்றவர்களுக்குப் பாடமாகச் சுட்டுக்கொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு முன், காயங்களை ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு தலைமை அறுவை மருத்துவர் டோமினிக் ஜான் லாரேயிடம் வந்தது.

லாரே 1766ஆம் ஆண்டு பிரனீஸ் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். தந்தை காலணி தைப்பவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்த லாரே, துலூஸ் நகரில் அறுவை மருத்துவராக இருந்த சிற்றப்பாவிடம் வளர்ந்து தொழில் கற்றார். 1792இல் ரைன் படையில் சேர்ந்தபோது அவர் கண்ட காட்சி அவரை உலுக்கியது. அக்கால விதிப்படி மருத்துவ வண்டிகள் போர்முனைக்குப் பல கிலோமீட்டர் பின்னால்தான் நிற்க வேண்டும். சண்டை ஓய்ந்த பிறகே காயம்பட்டவர்களை எடுக்க வருவார்கள். அதற்குள் பலர் குருதி வடிந்தே இறந்துபோவார்கள்.

குதிரைகள் இழுத்துச் செல்லும் பீரங்கிகள் களத்தில் விரைந்து இடம் மாறுவதை லாரே கவனித்தார். பீரங்கியால் முடிவது மருத்துவ வண்டியால் ஏன் முடியாது? இலகுவான, குலுக்கம் குறைந்த குதிரை வண்டிகளை அவர் வடிவமைத்தார். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே அவை களத்துக்குள் சென்றன. அவற்றுக்குப் 'பறக்கும் மருத்துவ வண்டி' என்று பெயர். எகிப்துக்குப் போனபோது வண்டிகளுக்குப் பதிலாக ஒட்டகங்களைப் பயன்படுத்தினார். யாருடைய காயம் கடுமையானதோ அவருக்கே முதல் சிகிச்சை என்பது அவர் வகுத்த முறை. அங்கே பதவியும் செல்லாது, நாடும் செல்லாது. எதிரிப் படை வீரனாயினும் அவன் முறை வந்தால் அவனுக்குத்தான் முதலிடம். இன்றைய மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் பின்பற்றப்படும் ஒழுங்கின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று.

1809இல் வியன்னாவுக்கு அருகே, டானியூப் ஆற்றின் தீவொன்றில் ஆயிரக்கணக்கான காயம்பட்டோருடன் அவர் சிக்கிக்கொண்டார். உணவு இல்லை. குதிரைகளை வெட்டி, மார்புக் கவசங்களையே பாத்திரமாக்கிச் சாறு காய்ச்சச் செய்தார். உப்புக்குப் பதில் வெடிமருந்து! வீரர்கள் அவரை உயிராக மதித்ததில் வியப்பில்லை. ரஷ்யாவிலிருந்து பின்வாங்கும்போது பெரெசினா ஆற்றுப் பாலத்தில் நெரிசலில் அகப்பட்ட அவரை, கூட்டத்தினர் தலைக்கு மேல் தூக்கிக் கை மாற்றிக் கை மாற்றிக் கரை சேர்த்தனர்.

அத்தகையவரிடம்தான் பௌட்சன் வீரர்களின் உயிர் இருந்தது. பேரரசருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டால் அவருக்குத் தொல்லை இல்லை. லாரே அவ்வாறு செய்யவில்லை. டிரெஸ்டன் நகரில் மற்ற மருத்துவர்களோடும் அதிகாரிகளோடும் அமர்ந்து, வீரர்களை ஒவ்வொருவராக அழைத்தார். காயத்தைப் பார்த்தார். அது எங்கே, எப்படி ஏற்பட்டது என்று கேட்டு எழுதச் செய்தார். மெல்ல மெல்ல உண்மை வெளிப்பட்டது. வீரர்கள் மூன்று வரிசைகளில் நின்று சுட்டிருந்தார்கள். பயிற்சியற்ற பின்வரிசையினர் சுட்ட குண்டுகள் முன்வரிசையினரின் உயர்த்திய கைகளைத் துளைத்திருந்தன. மேலும், எதிரிகள் மேட்டில் நின்றதால், ஆயுதத்தை உயர்த்தியபடி சரிவில் ஏறியவர்களின் கைகளே முதலில் குண்டுக்கு இலக்காயின. தன்னைத் தானே சுட்டுக்கொண்டதாக ஒருவர்மீதும் மெய்ப்பிக்க முடியவில்லை.

பதவி போனாலும் போகட்டும் என்ற துணிவோடு லாரே தம் அறிக்கையை நெப்போலியனிடம் கொடுத்தார். பேரரசர் அதைப் படித்தார். இப்படிப்பட்ட ஒருவர் தம்மிடம் பணியாற்றுவது தம் பேறு என்று ஒப்புக்கொண்டார். அன்றே லாரேக்கு ஆண்டுக்கு 3,000 பிராங்க் ஓய்வூதியம் அறிவிக்கப்பட்டது. வீரர்கள் பிழைத்தனர். சினத்தில் சொன்னதை மாற்றிக்கொள்ளும் பேரரசர்கள் மிகச் சிலரே; அந்த வகையில் நெப்போலியனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

ஈராண்டுகளுக்குப் பிறகு வாட்டர்லூவில் லாரே பிரஷ்யர்களிடம் பிடிபட்டார். அவரைச் சுட்டுக்கொல்ல ஆணை பிறந்தது. முன்பு பெர்லினில் அவரது விரிவுரையைக் கேட்டிருந்த ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். செய்தி பிரஷ்யத் தளபதி புளூஹரிடம் சென்றது. அவருடைய மகனும் ஒருமுறை காயம்பட்டுப் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி, லாரேயின் சிகிச்சையால் உயிர் பிழைத்தவர். லாரே விடுவிக்கப்பட்டார்.

பேரரசு வீழ்ந்தது. நாடு கடத்தப்பட்ட நெப்போலியன் தம் உயிலில் லாரேக்கு ஒரு லட்சம் பிராங்க் எழுதிவைத்து, தாம் அறிந்தோருள் அவரே மிக நேர்மையானவர் என்றும் குறித்தார். லாரே 76 வயதிலும் ஓயவில்லை. 1842இல் அல்ஜீரியாவின் இராணுவ மருத்துவமனைகளைப் பார்வையிட்டுத் திரும்பும் வழியில், ஜூலை 25ஆம் நாள் லியோன் நகரில் காலமானார். பாரிஸ் கல்லறைத் தோட்டம் ஒன்றில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், 1992ஆம் ஆண்டு, ஊனமுற்ற வீரர்களுக்காகக் கட்டப்பட்ட இன்வாலிட் வளாகத்துக்கு மாற்றப்பட்டது. நெப்போலியனின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.